உன் வயதில் ஆடுகிறேன்

குட்மேய்ஸ், லண்டன்
12 ஜனவரி 1992

மலர்,

அம்மாவுக்குப் போகும் கடிதத்துக்குள் இதை வைக்கவில்லை. உன் ஆங்கில வகுப்பு விலாசத்துக்குத் தனியாக அனுப்புகிறேன். அம்மாவிடம் காட்டாதே. காட்டினால் அவ அன்றைக்கே ஓடிப்போய் அப்பாவுக்குப் போன் எடுப்பா.

இரவு ஒன்றரை மணி. அப்பா பெற்றோல் ஷெட்டில் நைட் ஷிப்ட். சித்தி அடுத்த அறையில். நான் குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, தரையில் துவாயை விரித்து இருந்து எழுதுகிறேன். ஹீட்டர் நின்றுவிட்டது. எழுத்துக் கோணலாய் இருந்தால் குளிரால்தான், அழவில்லை.

நான் ஹொக்கி விளையாடுகிறேன்.

சிரிக்காதே. செப்டெம்பரில் தொடங்கினேன். சனிக்கிழமைகளில் கணக்கு டியூஷன் என்று அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறேன். என் ஸ்டிக் இசபெல் வீட்டில் இருக்கிறது. இசபெல் எங்கள் கப்டன். உன் பதிலையும் அவள் வீட்டுக்குத்தான் போட வேண்டும், விலாசம் பின்பக்கம். அவளுக்குத் தமிழ் தெரியாது, அதனால் பயமில்லை.

எங்கள் கொலிஜ் (பெயர்தான் கொலிஜ், உண்மையில் பெண்கள் பள்ளிக்கூடம்) பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் லீக்கில் இரண்டாம் டிவிஷன். இந்த வருஷம் எப்படியோ மேலே வந்துவிட்டோம். மார்ச் 21 பிளே-ஓஃப். வென்றால் முதலாம் டிவிஷன். எங்கள் பள்ளிக்கூடம் ஒருநாளும் போகாத இடம். நான் இடது விங். பதினொரு கோல் அடித்திருக்கிறேன். இதைப் பெருமைக்கு எழுதவில்லை. இல்லை, பெருமைக்குத்தான்.

இனிப் பயப்படுகிற விஷயம். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முழுக்க எழுதிப் பார்க்கிறேன், எழுதினால் தலைக்குள் தெளியுமோ என்று. எண்பத்தொன்பதில் ஏஜென்ட், பன்னிரண்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைத்தான் சித்தியின் பாஸ்போட்டில் சேர்க்கலாம் என்றான். உனக்குப் பதினொன்று, எனக்குப் பதினாலு. வயதுக்கு வந்த பிள்ளையை அந்த நேரம் ஊரில் வைத்திருக்கப் பயம் என்று அம்மா சொன்னா. நான் சின்ன உருவம். உன் பிறப்புப் பத்திரத்தைக் காட்டி, உன் பெயரை எழுதி, என்னை ஏற்றினார்கள். அன்றிலிருந்து இங்கே நான் சிவமலர், மைதானத்தில் கத்தும்போது 'ஸிவா'. இப்போது கடுதாசியில் எனக்குப் பதினாலு. உள்ளே பதினாறு. அணியில் நான்தான் கடைக்குட்டி, 'பேபி' என்று கூப்பிடுவார்கள். எல்லாரிலும் மூத்தவள் நான்தான் என்று எனக்கு மட்டும் தெரியும். சித்தியின் சிநேகிதிகள் வந்தால், "பிள்ளைக்கு எப்ப சடங்கு? ஹோலுக்கு இப்பவே சொல்லி வையுங்கோ" என்கிறார்கள். சித்தி, "அவள் இன்னும் சின்னன்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போவா. என் சடங்குக்கு நீ தோழியாய் நின்றாய், நினைவிருக்கிறதா.

இரண்டாம் டிவிஷனில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மேலே போவதென்றால் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தியின் அசல் பிறப்புப் பத்திரமும் மார்ச் 19க்கு முன் கவுண்டி ஹொக்கிச் சங்க ஆபிசுக்குப் போக வேண்டும். இரண்டு கிழமை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்களாம். கொடுக்காதவள் பிளே-ஓஃபில் இறங்க ஏலாது. எங்கள் கோச் மிஸிஸ் பாக்ஸ்டர், அவசரத்துக்குக் கொப்பி என்றாலும் கொண்டுவா, நான் அவர்களோடு கதைக்கிறேன் என்றா.

உன் பிறப்புப் பத்திரம் அம்மாவின் பெட்டிக்குள் இருக்கிறதா? ஒரு கொப்பி எடுத்து அனுப்புவாயா? அனுப்பு என்று சொல்லவில்லை. கேட்கிறேன்.

படியில் ஏதோ சத்தம். நிறுத்துகிறேன்.

அக்கா


வெள்ளவத்தை
1 பெப்ரவரி 1992

அக்கா,

உன் கடிதம் பன்னிரண்டு நாளில் வந்துவிட்டது. பதில் எழுதத்தான் எனக்கு எட்டு நாள் எடுத்தது, ஏனென்றால் முதல் மூன்று தரமும் எழுதியதைக் கிழிக்க வேண்டியிருந்தது.

நான் இங்கே என்ன விளையாடுகிறேன் என்று நீ கேட்கவில்லை. நான் நீயாக விளையாடுகிறேன். எங்களை அங்கே எடுக்க அப்பா போட்ட விண்ணப்பத்தில் எழுதியது உனக்குத் தெரியும்தானே. லண்டனில் இருப்பவள் சின்ன மகள் சிவமலர், கொழும்பில் அம்மாவோடு இருப்பவள் மூத்த மகள் தவநாயகி. அதனால் லொட்ஜ் மெனேஜர் கிருஷ்ணமூர்த்தியில் இருந்து தண்ணி கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் நான் தவநாயகிதான். அம்மா மறந்து 'மலர்' என்றால் தன் வாயில் தானே அடிப்பா. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் உன் பிறந்த திகதியைச் சொல்லுவேன். மார்ச் 30 பிரிட்டிஷ் ஹைகொமிஷனில் விசா இன்டர்வியூ. இரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த திகதி. அதில் பிழை விட்டால் சண்டைக்குள் திரும்ப யாழ்ப்பாணம்தான், கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தால் கடந்து.

எனக்கு இன்னொன்றும் சொல்ல இருக்கிறது. நவம்பரில் நான் பெரிசானேன். உனக்கு யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். அம்மா சந்தோஷப்படவில்லை, பயந்தா. லொட்ஜில் யாராவது அறிந்தால், பதினாறு வயதுப் பெட்டைக்கு இப்பதானோ என்று கேட்பார்களே. கடுதாசிப்படி எனக்கு அது மூன்று வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. பச்சை முட்டையையும் நல்லெண்ணெயையும் துவாயால் மூடித்தான் கொண்டுவந்தா. தண்ணி வார்த்தது, எல்லாரும் சந்தைக்குப் போன நேரம், ஆறு குடும்பம் பாவிக்கிற பாத்ரூமில். அம்மா ஒரு கையால் வார்த்தா, மற்றக் கையால் கதவைப் பிடித்தா. சேலை இல்லை, தோழி இல்லை, படம் இல்லை.

நீ இரண்டு தரம் பதினாலு வயதாய் இருக்கிறாய். எனக்கு ஒரு தரமும் கிடைக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். உன்னோடு ஓடுகிற பிள்ளைகளுக்குப் பதினைந்து. உனக்குப் பதினாறரை. அந்தப் பதினொரு கோலும் யார் அடித்தது? சிவமலரா, தவநாயகியா? அங்கே அதற்குக் கள்ளவிளையாட்டு என்று பெயர் இல்லையா?

கொப்பி அனுப்பமாட்டேன். இன்டர்வியூவுக்கு முன் என் பெயரை எந்த ஆபிசிலும் கொண்டுபோய்க் காட்டாதே.

நீ


குட்மேய்ஸ்
16 பெப்ரவரி 1992

மலர்,

கையெழுத்துப் போட்ட இடத்தில் நீ 'நீ' என்று எழுதியிருந்தாய். அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

உனக்கு நடந்தது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன், அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன். கோபிக்காதே.

கள்ளவிளையாட்டா என்று கேட்டாய். சத்தியமாய் அதற்கு முன் நான் அப்படி யோசிக்கவில்லை. பயம் எல்லாம் பிடிபடுவதைப் பற்றித்தான் இருந்தது, பிழையைப் பற்றி இருக்கவில்லை. போன சனி ஒரு மட்ச். பந்து எனக்கு வந்தது, முன்னால் ஒருத்தி மட்டும். அவளுடைய பல்லில் கம்பி கட்டியிருந்தது, சின்ன முகம். நான் மெதுவாய் ஓடினேன். வேண்டுமென்றே. அவள் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு தரம் அப்படிச் செய்தேன். தோற்றோம். இசபெல் வந்து என் தலையில் தட்டி, "பேபி, காலைச் சாப்பாட்டுக்கு என்ன கல்லா சாப்பிட்டனி?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஓடினால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கள்ளம். ஓடாவிட்டால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கள்ளம். எது சரி என்று நீயே சொல்லு, எனக்குப் பிடிபடவில்லை.

புதன்கிழமை பெற்றோர் கூட்டம். நாங்கள் தேத்தண்ணி பரிமாறினோம், அதனால் எல்லாம் கேட்டேன். முதலாம் டிவிஷன் என்றால் புல்லில் விளையாட ஏலாதாம், பிளாஸ்டிக் புல் மைதானம் வாடகைக்கு எடுக்க வேண்டும். மட்ச் எல்லாம் தூரத்தில், மினிபஸ் வேண்டும். சப்பாத்து வேறு, கோலிக்குக் கவசம் வேறு. ஆளுக்கு நாற்பத்தெட்டு பவுண், அதுவும் பள்ளிக்கூடம் பாதி போட்டால். ஒரு பிள்ளையின் தகப்பன், "அப்ப தோத்தாத்தான் மலிவு போல" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். இசபெல்லின் அம்மா சிரிக்கவில்லை. அவ ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கையை உயர்த்தி, "என்ரை பிள்ளையை நல்லா விளையாடு எண்டு சொல்லுறதா, கொஞ்சமா விளையாடு எண்டு சொல்லுறதா? அதை மட்டும் சொல்லுங்கோ" என்று கேட்டா. இசபெல் தட்டத்தை மேசையில் போட்டுவிட்டு, "முதல்லை வெல்ல விடுங்கோ!" என்றாள். மேலே போகாமல் மேலே போவதைப் பற்றி எல்லாரும் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள்.

18ம் திகதி. இதை இன்னும் போடவில்லை. மிஸிஸ் பாக்ஸ்டர் வீட்டுக்குப் போன் எடுத்துவிட்டா, பத்திரம் எங்கே என்று. சித்தி எடுத்து, "யெஸ், யெஸ், தாங்க் யூ" என்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. அப்பா வேலையால் வந்ததும் சொல்லிவிட்டா.

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். உடுப்பும் மாற்றாமல் கதிரையில் இருந்தார். முதல் கேள்வி, "எத்தினை கோல்?"

"பதினொண்டு."

"பதினொண்டோ?" என்று சித்தியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார், "விளையாடு பிள்ளை. காலை முறிச்சாலும் பரவாயில்லை. ஆனா கடுதாசி கேக்கிற இடத்துக்கு மட்டும் போகாதை. கொம்மாவும் அவளும் வந்து சேருமட்டும்."

ஓம் என்றேன். அப்பாவுக்குச் சத்தியம் செய்துகொடுத்தேன். பிறகு அறைக்குள் வந்து, மார்ச் 21க்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன். எனக்கு என்னையே விளங்கவில்லை.

அக்கா


வெள்ளவத்தை
4 மார்ச் 1992

அக்கா,

மெதுவாய் ஓடினேன் என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்துத்தான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. என் பெயரை எடுத்துக்கொண்டு போனாய். சரி. என் வயதை எடுத்தாய். சரி. எடுத்துக்கொண்டு போய் அங்கே தோற்கிறாயா? 'ஸிவா, ஸிவா' என்று அவர்கள் கத்துவது யாரை?

இதற்குள் இருப்பது கொப்பி இல்லை. அசல். அம்மா குளிக்கப் போன நேரம் பெட்டியின் அடியில் இருந்து எடுத்தேன். ரெஜிஸ்டர் தபால். கவனமாய் வைத்திரு. யாழ்ப்பாணக் கச்சேரியில் போய் இன்னொன்று எடுக்க இப்போது ஒருவராலும் ஏலாது.

நன்றி சொல்லாதே. எனக்கு இது இனி எதற்கு? இன்டர்வியூவில் காட்டப்போவது உன்னுடைய பத்திரத்தை. விசா கிடைத்தால் அங்கே வந்து பள்ளிக்கூடத்தில், டொக்டரிடம், வேலையில், கலியாண எழுத்தில் எல்லாம் நான் தவநாயகி. கிடைக்காவிட்டால் ஊரில் எல்லாருக்கும் என்னைத் தெரியும், பத்திரம் தேவையில்லை. எப்படிப் பார்த்தாலும் இந்தத் தாள் உனக்குத்தான் உதவும். அம்மா அந்தப் பெட்டியின் அடிவரை போகமாட்டா.

நீ சடங்கைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்ட இடத்தில் ஒரு வெற்றுக்கோடு இருந்தது. பார்த்தேன். பரவாயில்லை.

வெல்லு. வென்றுவிட்டு எழுது, எப்படி அடித்தாய் என்று, இடம் வலம் எல்லாம் போட்டு. இங்கே ஜன்னலால் பார்த்தால் ரயில் பாதையும் கடலும்தான். எனக்கு வாசிக்க ஏதாவது வேண்டும்.

மலர்


குட்மேய்ஸ்
17 மார்ச் 1992

மலர்,

இதை நீ வாசிக்கும்போது இன்டர்வியூ முடிந்திருக்கும். உன் பத்திரத்தை நேற்று ரெஜிஸ்டர் தபாலில் அம்மாவின் பெயருக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம். அது 30க்கு முன் வந்து சேர வேண்டும் என்று, நான் கோயிலுக்கே போகாதவள், நேற்றிலிருந்து எல்லாச் சாமியையும் கும்பிடுகிறேன்.

நடந்ததை ஒழுங்காய்ச் சொல்கிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை இசபெல் வீட்டுக்கு வந்தது. நான் பத்திரத்தைக் கையில் எடுத்து, அப்பாவுக்குச் செய்த சத்தியத்தை ஒரு நிமிஷத்தில் மறந்தேன். படிவம் முழுக்க நிரப்பினேன். திங்கள் காலை கொடுப்பது என்று புத்தகப் பைக்குள் வைத்தேன். ஞாயிறு மத்தியானம் அம்மா போன் எடுத்தா. ஹைகொமிஷனில் இருந்து கடிதமாம், எல்லாப் பிள்ளைகளின் அசல் பிறப்புப் பத்திரமும் கொண்டுவர வேண்டுமாம், லண்டனில் இருக்கிற பிள்ளையினதும். பெட்டியில் மலருடையது இல்லை, லொட்ஜில் கள்ளர் என்று அம்மா அழுதது போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது. அப்பா போனை வைத்துவிட்டுப் படியில் இருந்தார். எழும்பவில்லை.

நான் பைக்குள் இருந்து எடுத்துக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். நான் கேட்டதால்தான் நீ அனுப்பினாய் என்று சொன்னேன். அது உண்மைதானே.

அவர் தாளைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு, "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் பிந்திப் போகலாம். போஸ்ட் ஓபிஸ் ஒன்பதுக்குத்தான் திறப்பான்" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் சுகமாய் இருந்திருக்கும்.

மிஸிஸ் பாக்ஸ்டரிடம் என்ன சொல்வது? வயதைச் சொல்ல ஏலாது. பத்திரம் தொலைந்தது என்றால், புதிதாய் எடுக்கக் கடிதம் எழுதித் தருகிறேன் என்பா, அது இன்னும் ஆபத்து. வாயில் வந்ததைச் சொன்னேன்: "அப்பா இனி விளையாட விடமாட்டார், மிஸ். பொம்பிளைப் பிள்ளைகள் விளையாடக் கூடாது என்கிறார்."

மலர், நான் வசனத்தை முடிக்க முதலே அவ நம்பிவிட்டா. ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. தலையை ஆட்டி, என் தோளைப் பிடித்து, "எனக்குத் தெரியும், ஸிவா, தெரியும்" என்றா. இத்தனை நாளும் அதற்காகவே காத்திருந்தவ போல.

அன்று பின்னேரம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறா. அப்பா வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் அவர் காதில், "நீங்கள்தான் விடவில்லை எண்டு சொல்லிப்போட்டன் அப்பா" என்று சொல்லத்தான் நேரம் இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

மிஸிஸ் பாக்ஸ்டர் கதிரையில் இருக்கவும் இல்லை. உங்கள் மகளுக்குக் கடவுள் தந்த கால்கள், பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் இந்த நாட்டில் ஒன்று, இது உங்கள் நாடு இல்லை என்று மெல்ல மெல்ல, செவிடருக்குச் சொல்வது போலச் சொன்னா. பதினொரு கோலைக் கேட்டுச் சித்தியைத் திரும்பிப் பார்த்த மனுஷன் தன் தொப்பியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமி, எனக்கு முன்பின் தெரியாத ஒரு குரலில், "நோ ஹொக்கி. ஆவர் கேர்ள்ஸ், நோ ஹொக்கி. ஃபினிஷ்" என்றார். கையை வேறு இப்படி வெட்டினார்.

அவ போகும்போது கண் கலங்கி இருந்தது. அப்பா கதவைச் சாத்திவிட்டு, "இவ்வளவும் காணுமோ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

சனிக்கிழமை நான் போகமாட்டேன். உனக்கு வாசிக்க ஒன்றும் இருக்காது. மன்னித்துக்கொள்.

அக்கா


வெள்ளவத்தை
1 ஏப்ரல் 1992

அக்கா,

பத்திரம் 27ம் திகதி வந்தது. என் பழியை நீ சுமக்க வேண்டாம். நான்தான் எடுத்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் எடுத்தாய் என்று அம்மா கேட்கக் கேட்க நான் வாயைத் திறக்கவில்லை. அகப்பைக்காம்பால் இரண்டு விழுந்தது. எதற்கு அனுப்பினேன் என்பது மட்டும் அவவுக்குத் தெரியாது. அதுதான் பிறகு வினையானது.

இன்டர்வியூவில் ஒரு வெள்ளைக்காரத் துரை, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அன்டி. என்னை முதலில் கூப்பிட்டார். பெயர், பிறந்த திகதி, பள்ளிக்கூடம், எல்லாம் நீயாக நின்று சொன்னேன். பிறகு, "லண்டனில் இருக்கிற உன் தங்கையைப் பற்றிச் சொல்லு" என்றார். இதை அம்மா பாடமாக்கித் தரவில்லை. நான் தவநாயகி என்றால் சிவமலரைப் பற்றி என்ன சொல்லுவேன்? நீ என்னைப் பற்றி அம்மாவிடம் கோள் மூட்டுவதையெல்லாம் எடுத்துவிட்டேன். சொல்வழி கேளாள், மற்றவர்களின் பெட்டிக்குள் கை வைப்பாள், கோபம் வந்தால் சாப்பிடாள். அன்டி சிரித்துச் சிரித்து இங்கிலிஷில் சொன்னா. துரையும் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறி, "ஹொக்கி விளையாடுவாள்" என்றேன்.

துரை நிமிர்ந்துவிட்டார். தானும் பள்ளிக்கூடத்தில் ஹொக்கியாம். எந்த இடம் என்றார். இடது விங் என்றேன். இன்னும் விளையாடுகிறாளா என்றார். "இல்லை, விட்டிட்டாள்" என்றேன். அதைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. தங்கையை நினைத்து அழுகிறேன் என்று எழுதிக்கொண்டார்.

பிறகு அம்மாவை உள்ளே கூப்பிட்டு, உங்கள் சின்ன மகள் நன்றாய் ஹொக்கி விளையாடுவாளாமே என்று கேட்டார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஹொக்கியோ? ஆர் சொன்னது?" துரை பேனையைக் கீழே வைத்தார். ஒரு பிள்ளை சொல்கிறது, தாய்க்குத் தெரியாது. முடிந்தது என்று நினைத்தேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் எடுத்த பத்திரம், ரெஜிஸ்டர் தபால், திறக்காத வாய், எல்லாம் அந்த நிமிஷம் அவவுக்கு வெளித்திருக்க வேண்டும். துரை இருக்கிறார் என்பதையும் மறந்து தொடங்கினா: "எடியே, ரெண்டு பேரும் சேர்ந்தோடி? எனக்கு ஒளிச்சோடி? அங்கை ஒருத்தி தடியைத் தூக்கிக்கொண்டு ஓடுறாள், இஞ்சை ஒருத்தி அவளுக்குத் தபால்காரி! தேப்பன் தெரிஞ்சும் எனக்குச் சொல்லேல்லை! வரட்டும் நான் அங்கை, ரெண்டு பேற்றை காலையும் முறிச்சு அடுப்பிலை வைக்கிறன்!"

அன்டி எல்லாவற்றையும் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னா. துரை மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். நடிக்கிற தாய் இப்படிப் பேசமாட்டாள் என்று நினைத்தாராக்கும். பத்திரம் இரண்டையும் எண்ணிப் பார்த்துக் கொப்பி எடுத்துக்கொண்டு, சில கிழமையில் பதில் வரும் என்றார். திரும்பி வரும்போது அம்மா பஸ்ஸில் வேறு சீட்டில் போய் இருந்தா. லொட்ஜ் வாசலில் வைத்து, "எத்தினை கோலாம்?" என்று கேட்டா.

வென்றார்களா?

மலர்


குட்மேய்ஸ்
26 ஏப்ரல் 1992

மலர்,

நேற்று முன்தினம் அம்மா போனில் விசா வந்துவிட்டது என்று சொன்னதும் அப்பா ரிசீவரை என்னிடம் தந்துவிட்டுப் பின்வளவுக்குப் போய் நின்றார். மே 29 விமானம் என்று அம்மா மூன்று தரம் சொன்னா. நீ பக்கத்தில் நின்றாய் என்று தெரியும், ஆனால் காசு முடிந்துவிட்டது.

வென்றார்கள். இரண்டுக்கு ஒன்று. நான் போகமாட்டேன் என்று எழுதினேன்தானே, போனேன். மைதானத்துக்குப் பின்னால் வேலி, அதற்குப் பின்னால் பஸ் நிறுத்தம். அப்பா விடாத பிள்ளை அதைவிடக் கிட்டப் போக ஏலாது. அங்கிருந்து பாதி மைதானம்தான் தெரியும், மற்றப் பாதியை மரம் மறைக்கிறது. என் இடத்தில் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையை விட்டிருந்தார்கள். அவள் பந்து வரும்போதெல்லாம் கண்ணை மூடினாள். இரண்டு கோலும் மரத்துக்குப் பின்னால் விழுந்தன. கத்துகிற சத்தத்தை வைத்துத்தான் கணக்குப் பார்த்தேன். எப்படி அடித்தார்கள் என்று எழுத எனக்கும் தெரியாது.

பிறகு கேள். ஈஸ்டர் லீவுக்கு முதல் நாள் எல்லாருக்கும் ஒரு கடிதம் தந்தார்கள். பள்ளிக்கூடம் யோசித்துப் பார்த்ததாம். மைதான வாடகை, மினிபஸ் எல்லாம் தாங்காதாம். அதனால் அடுத்த வருஷமும் இரண்டாம் டிவிஷனிலேயே நிற்பதாம். வென்றதற்கு வாழ்த்துகளாம். இசபெல் கடிதத்தை எட்டாய் மடித்துச் சப்பாத்துக்குள் வைத்தாள். "வெண்டும் வீட்டிலைதான், பேபி" என்றாள். அவளுக்கு அடுத்த வருஷம் வயது கூடிவிடும், இனி விளையாட ஏலாது. நான் முதலில் சந்தோஷப்பட்டேன், அவர்களும் போகவில்லை என்று. அந்தச் சந்தோஷத்தை நினைத்து இரண்டு நாள் சாப்பிட மனம் வரவில்லை. நீ பெட்டிக்குள் கை வைத்தது, அகப்பைக்காம்பு, அப்பா தொப்பியோடு நின்றது, எல்லாம் யாருமே போகாத ஒரு டிவிஷனுக்காகவா?

அன்றைக்கே மிஸிஸ் பாக்ஸ்டர் என்னை நடைபாதையில் மறித்தா. ஒரு சின்ன அட்டை தந்தா. வீட்டில் கடுமையான தகப்பன்மார் உள்ள பிள்ளைகள் போன் எடுக்கிற இலக்கமாம். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் விட்டால் கேள்வி வருமே. அதை எங்கே எறிவது என்று தெரியாமல் இன்னும் வைத்திருக்கிறேன்.

"இரண்டாம் டிவிஷனில் ஒருவரும் பத்திரம் கேட்பதில்லை, ஸிவா. உனக்கு இன்னும் ஒரு வருஷம் வயது இருக்கு. செப்டெம்பரில் நான் உன் அப்பாவோடு திரும்பக் கதைக்கிறேன்" என்றா.

நான், "செப்டெம்பரில் என் அக்கா வந்திருப்பா, மிஸ்" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியாது.

அவவின் முகம் மலர்ந்துவிட்டது. "அக்காவும் விளையாடுவாவா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அதுவரை அதை யோசிக்கவே இல்லை. உனக்கு உண்மையில் பதினாலு. அந்த அணியில் சேர உரிமை உள்ளவள் நீதான். ஆனால் நீ வந்து இறங்கும்போது கடுதாசியில் உனக்குப் பதினாறு முடிந்து, செப்டெம்பரில் பதினேழு. எனக்கு உள்ளே பதினேழு, கடுதாசியில் பதினாலு.

"இல்லை மிஸ்," என்றேன், "அவவுக்கு வயது கூட."

"பாவம்," என்றா மிஸிஸ் பாக்ஸ்டர்.

செப்டெம்பரில் நான் விளையாடுவதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டேன். "அவள் வரட்டும், அவளைக் கேள்" என்கிறார். அதனால் கேட்கிறேன். இப்போதே பதில் சொல்ல வேண்டாம்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பார்க் இருக்கிறது. ஞாயிறு காலையில் அங்கே நாய்களோடு வருகிறவர்களைத் தவிர ஒருவரும் இல்லை. யாரும் பெயர் கேட்பதில்லை. என்னிடம் ஒரு ஸ்டிக்தான் இருக்கிறது. இசபெல் தன் பழையதைத் தருகிறேன் என்கிறாள், ஆனால் ஸ்டிக் ஆளின் உயரத்துக்குச் சரியாய் இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் நாரி பிடித்து இடுப்பு நிமிராதாம். உன் சிஸ்டர் எவ்வளவு உயரம் என்று கேட்டாள். என் தோளில் கையை வைத்துக் காட்டினேன். பிறகுதான் அது மூன்று வருஷத்துக்கு முந்தியது என்று ஞாபகம் வந்தது.

சுவரில் நேரே நின்று, அம்மாவைக் கொண்டு கோடு கீறுவித்து, அளந்து எழுது. உன் கடிதம் உனக்கு முதல் இங்கே வந்து சேர வேண்டும், இது கிடைத்த அன்றே போடு.

அக்கா